ஆர்கானிக் சோலார் செல்லுக்குப் பாலிமர்: தேர்ந்தெடுப்பது முதல் அளந்து பார்ப்பது வரை

"எந்தப் பாலிமர் நல்ல பாலிமர்?" என்று கேட்டுக்கொண்டுதான் பெரும்பாலானவர்கள் இந்தத் துறைக்குள் வருகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளின் அட்டவணையில் 15, 18, 19 என்று செயல்திறன் சதவீதங்கள் (விழும் வெளிச்சத்தில் எவ்வளவு மின்சாரமாகிறது என்பது) வரிசையாக இருக்கும். அதில் மேலே இருக்கிற பெயரைப் பார்த்து ஆர்டர் போட்டு, பொடி வந்ததும் கரைத்து, கண்ணாடியில் பூசி, அளந்து பார்த்தால் 6 சதவீதம் வரும். உடனே பழி பாலிமர் மேல் விழும். ஆனால் ஆர்கானிக் சோலார் செல்லில் பாலிமர் தனியாக எதையும் சாதிப்பதில்லை. அது எந்த அக்செப்டரோடு (எலக்ட்ரானை வாங்கிக்கொள்ளும் கூட்டாளிப் பொருள்) ஜோடி சேர்கிறது, எவ்வளவு நீளச் சங்கிலியாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது, கரைசல் காயும்போது படலம் எப்படி அமைகிறது, இந்த மூன்றும் சேர்ந்துதான் கடைசியில் வரும் எண்ணைத் தீர்மானிக்கின்றன. எம்.எஸ்சி. ப்ராஜெக்ட்டுக்கோ பிஎச்.டி. முதல் வருஷத்துக்கோ இதில் இறங்குபவர்களுக்காக எழுதுகிறேன். கிளவ் பாக்ஸும் (நைட்ரஜன் நிரப்பிய மூடிய பெட்டி) ஸ்பின் கோட்டரும் (கண்ணாடியைச் சுற்றிக் கரைசலைப் பரப்பும் கருவி) உள்ள ஒரு லேபில் நுழைய அனுமதி இருக்கிறது, வேதியியல் அடிப்படை தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஏன் இரண்டு பொருள் வேண்டும்

சிலிக்கானில் வெளிச்சம் பட்டால் எலக்ட்ரானும் துளையும் (எலக்ட்ரான் விட்டுப்போன இடம்) ஏறக்குறைய உடனே பிரிந்துவிடும், ஏனென்றால் சிலிக்கானின் மின்காப்பு மாறிலி (மின்னூட்டங்களுக்கு இடையிலான இழுப்பை ஒரு பொருள் எவ்வளவு தளர்த்துகிறது என்ற அளவு) 11.7. பாலிமர்களில் அது 3 முதல் 4 வரைதான். அதனால் வெளிச்சம் பட்டதும் உருவாகும் எலக்ட்ரானும் துளையும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டு எக்ஸிட்டானாகவே கிடக்கும். அந்தப் பிடிப்பை உடைக்கப் பொதுவாக 0.3 எலக்ட்ரான் வோல்ட் அல்லது அதற்கு மேல் தேவை. அறை வெப்பம் தரக்கூடியதோ 0.025 மட்டுமே. ஆக வெப்பம் உதவாது. எலக்ட்ரானை இன்னும் ஆசையாக இழுக்கிற இன்னொரு பொருள் பக்கத்தில் இருக்க வேண்டும், அதுதான் அக்செப்டர். 1986இல் கோடாக் ஆய்வகத்தில் சிங் டாங் இரண்டு ஆர்கானிக் அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஏறக்குறைய 1 சதவீதம் எடுத்துக் காட்டினார். அவர் பயன்படுத்தியது சிறு மூலக்கூறுகள். பாலிமரிலிருந்து ஃபுல்லரீனுக்கு (கார்பன் பந்து மூலக்கூறு) எலக்ட்ரான் மிக வேகமாகத் தாவுவதை 1992இல் சாரிசிஃப்ட்சியும் ஹீகரும் காட்டினார்கள்.

சிக்கல் என்னவென்றால் எக்ஸிட்டான் ஏறக்குறைய 10 நானோமீட்டர் தூரம்தான் நகரும், அதற்குள் அக்செப்டரைப் பார்க்காவிட்டால் செத்துவிடும். வெளிச்சத்தை உருப்படியாக உறிஞ்சவோ 100 நானோமீட்டர் தடிமனாவது வேண்டும். இரண்டையும் சமாளிக்கத்தான் 1995இல் ஹீகர் குழு டோனரையும் (எலக்ட்ரானைத் தரும் பொருள், இங்கே பாலிமர்) அக்செப்டரையும் ஒரே கரைசலில் கலந்து பூசியது. பல்க் ஹெட்டரோஜங்ஷன் என்று இன்றைக்கும் எல்லோரும் செய்வது அதைத்தான். படலத்துக்குள் டோனர் திட்டுகளும் அக்செப்டர் திட்டுகளும் 10, 20 நானோமீட்டர் அளவில் பின்னிக்கிடக்க வேண்டும், அதே சமயம் ஒவ்வொன்றும் தன் மின்முனை வரைக்கும் அறுபடாமல் போக வேண்டும். ரொம்பவும் கலந்துவிட்டால் பிரிந்த மின்னூட்டங்கள் வழியிலேயே மறுபடி சேர்ந்துவிடும், ரொம்பவும் பிரிந்துவிட்டால் எக்ஸிட்டான் எல்லையை எட்டாது. கீழே சொல்லப்போகும் எல்லா வேலையும் இந்த நடுநிலையைப் பிடிப்பதற்காகத்தான்.

பேப்பரில் பாலிமரைப் படிப்பது

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் ஒரே பொருளை இரண்டு தடவை வாங்குவீர்கள். பிஎம்6 என்ற பாலிமரும் பிபிடிபி-டி-2எஃபும் ஒன்று. பிஎம்7 என்பது அதன் குளோரின் வடிவம். பிசிஇ10 என்றால் பிடிபி7-டிஎச், பிசிஇ12 என்றால் பிபிடிபி-டி. ஒரே பாலிமருக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு பெயர் வைத்திருக்கிறது, விற்பவர்கள் இன்னொரு பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரை விட்டுவிட்டு கட்டமைப்புப் படத்தைப் பார்த்து ஆர்டர் செய்வதுதான் பாதுகாப்பு.

அடுத்து ஒளி உறிஞ்சும் எல்லை. டோனர் விட்டுவைக்கும் வெளிச்சத்தை அக்செப்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். பி3எச்டி என்ற பழைய பாலிமர் 650 நானோமீட்டர் வரைதான் உறிஞ்சும், பழைய ஃபுல்லரீன் அக்செப்டரான பிசிபிஎம்மோ கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்தில் பெரிதாக எதையும் உறிஞ்சாது, ஆகச் சூரிய ஒளியின் பெரும்பகுதி வீண். 2019இல் சீனாவின் சாங்ஷாவில் உள்ள சென்ட்ரல் சவுத் பல்கலைக்கழகத்தில் யிங்பிங் ஸோ குழு கொண்டுவந்த ஒய்6 என்ற அக்செப்டர் 930 நானோமீட்டர் வரை போகிறது. பிஎம்6 300 முதல் 680 வரை பார்த்துக்கொள்ள, ஒய்6 அதற்கப்புறம் உள்ளதை அள்ளுகிறது. அந்த ஜோடி முதல் அறிவிப்பிலேயே 15.7 சதவீதம் தந்தது. ஓப்பன் சர்க்யூட் வோல்டேஜ் (மின்னோட்டம் எடுக்காதபோது வருவது) 0.83 வோல்ட், மின்னோட்டம் சதுர சென்டிமீட்டருக்கு 25.3 மில்லிஆம்பியர், ஃபில் ஃபேக்டர் (அந்த இரண்டையும் பெருக்கினால் வருவதில் உண்மையில் கைக்குக் கிடைக்கும் சதவீதம்) 74.8. இந்த மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதி ஸ்பின் கோட்டருக்கு மேலே ஒட்டிவையுங்கள். உங்கள் செல்லில் எது குறைகிறது என்று பார்க்க இதுதான் அளவுகோல்.

மூன்றாவது, ஆற்றல் மட்டங்கள். டோனரின் ஹோமோ (எலக்ட்ரான் நிரம்பிய மட்டங்களில் எல்லாவற்றுக்கும் மேலே உள்ளது) எவ்வளவு கீழே இருக்கிறதோ, வோல்டேஜ் அவ்வளவு அதிகம் கிடைக்கும். தோராயமாக, டோனர் ஹோமோவுக்கும் அக்செப்டர் லூமோவுக்கும் (காலி மட்டங்களில் எல்லாவற்றுக்கும் கீழே உள்ளது) உள்ள இடைவெளியில் 0.3 கழித்தால் வோல்டேஜ் என்பார்கள். ஃபுல்லரீன் காலத்துக் கணக்கு அது, இப்போதைய அக்செப்டர்களுக்கு அப்படியே பொருந்தாது என்றாலும் திசை காட்ட உதவும். பி3எச்டியின் ஹோமோ மேலே இருப்பதால்தான் 1.9 எலக்ட்ரான் வோல்ட் பேண்ட்கேப் (அதன் ஹோமோவுக்கும் லூமோவுக்கும் உள்ள இடைவெளி) இருந்தும் பிசிபிஎம்மோடு சேர்ந்தால் 0.6 வோல்ட்தான் தருகிறது. பிபிடிபி-டியின் பக்கத் தயோஃபீன்களில் ஃப்ளூரினைச் சேர்த்தால் ஹோமோ 0.1 முதல் 0.2 எலக்ட்ரான் வோல்ட் வரை கீழே இறங்கும், அப்படி இறக்கிய பாலிமர்தான் பிஎம்6. முழுச் சங்கிலியையும் மாற்றாமல் ஒரு அணுவை மாற்றி வோல்டேஜைத் தூக்கியது இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த வேலை.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு கட்டுரையில் இருக்கும் ஹோமோவை இன்னொரு கட்டுரையில் இருக்கும் லூமோவிலிருந்து கழிக்காதீர்கள். சைக்ளிக் வோல்டாமெட்ரியில் (இந்த மட்டங்களை மின்வேதியியல் முறையில் அளப்பது) ஃபெரோசீனை ஒப்பீடாக வைத்துக் கணக்கிடும்போது சிலர் அதன் மட்டத்தை மைனஸ் 4.8 என்று எடுப்பார்கள், சிலர் மைனஸ் 5.1 என்று எடுப்பார்கள். அந்த 0.3 வித்தியாசமே ஒரு ஜோடியைப் பொருத்தமானதாகவோ பொருந்தாததாகவோ காட்டிவிடும். ஒரே லேப், ஒரே முறை, ஒரே நாளில் அளந்த எண்களை மட்டும் ஒப்பிடுங்கள். கிடைக்காவிட்டால் நீங்களே இரண்டையும் அளந்துவிடுங்கள், ஒரு மதிய நேர வேலைதான்.

நான்காவது, பக்கச் சங்கிலிகள். முதன்மைச் சங்கிலி வெளிச்சத்தையும் மின்னூட்டத்தையும் பார்த்துக்கொள்கிறது, பக்கத்தில் தொங்கும் கிளைத்த ஆல்கைல் சங்கிலிகள் கரைதிறனைப் பார்த்துக்கொள்கின்றன. அவை குட்டையானால் பாலிமர் நன்றாக அடுக்கிக்கொள்ளும், ஆனால் கரையாது. நீளமானால் நன்றாகக் கரையும், ஆனால் மின்னூட்டம் ஒரு சங்கிலியிலிருந்து அடுத்ததற்குத் தாவ சிரமப்படும். 2020இல் லிமிங் டிங் குழு அறிவித்த டி18 என்ற பாலிமர் ஒய்6உடன் 18.22 சதவீதம் தந்தது, எண்ணைப் பார்த்தால் அதையே வாங்கத் தோன்றும். ஆனால் அது கடினமாகக் கரையும் பாலிமர், சூடான கரைசலோடு மல்லுக்கட்ட வேண்டும், ஆறினால் கெட்டியாகிவிடும். முதல் முறை செய்பவருக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து.

அப்புறம் எதை எடுப்பது? கை பழகுவதற்கு பி3எச்டியும் பிசிபிஎம்மும். யாரும் இப்போது அதை மதிப்பதில்லை, 3 முதல் 4 சதவீதத்துக்கு மேல் பெரும்பாலும் வராது. ஆனால் பாலிமர் விலை குறைவு, கரைசல் பொறுமையானது, 2005இலிருந்தே மெதுவாகக் காயவைப்பது, சூடாக்கிப் பதப்படுத்துவது எல்லாம் அக்குவேறு ஆணிவேறாக ஆராயப்பட்டுவிட்டது, அதனால் உங்கள் செல் வேலை செய்யாவிட்டால் தவறு பொருளில் இல்லை, செய்முறையில் என்று உறுதியாகத் தெரியும். பத்துச் செல் செய்தால் பத்தும் ஏறக்குறைய ஒரே எண்ணைத் தருகிற நிலை வந்த பிறகு பிஎம்6, ஒய்6க்கு மாறுங்கள். மாறும்போது ஜோடியாகவே மாற வேண்டும். மிச்சமிருக்கும் பி3எச்டியில் ஒய்6ஐக் கலந்து பார்க்கலாமே என்று தோன்றும். அந்த ஜோடி மோசமாகத்தான் வேலை செய்யும், இரண்டும் தனித்தனியாக எவ்வளவு பேர் வாங்கியிருந்தாலும் சரி. அதே பி3எச்டியை 2016இல் லண்டன் இம்பீரியல் கல்லூரிக் குழு ஐடிடிபிஆர் என்ற வேறொரு அக்செப்டரோடு சேர்த்து 6.4 சதவீதம் எடுத்தது.

செலவைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் பிடிக்யூ10ஐப் பாருங்கள். பெய்ஜிங்கில் யோங்ஃபாங் லீ குழு 2018இல் வெளியிட்டது. தயோஃபீனும் குயினாக்ஸலினும் மட்டும் மாறி மாறி வரும் எளிய சங்கிலி, மலிவான மூலப்பொருளிலிருந்து இரண்டே படிகளில் நல்ல விளைச்சலோடு செய்துவிடலாம், அறிவித்தபோதே 12 சதவீதத்தைத் தாண்டியது. சொந்தமாகப் பாலிமர் செய்து பார்க்கும் ஆசை இருந்தால் பிஎம்6ஐ விட இதில் தொடங்குவது எவ்வளவோ மேல்.

பாட்டிலில் இருப்பது என்ன

மேலே சொன்னதெல்லாம் பெயரை வைத்துத் தெரிந்துகொள்வது. பாலிமரில் பெயர் ஒன்றாக இருந்தாலும் பொருள் ஒன்றாக இருக்காது. சிறு மூலக்கூறான ஒய்6ஐ யார் செய்தாலும், சுத்தமாக இருந்தால் ஒரே மூலக்கூறுதான். பிஎம்6 அப்படியல்ல, பல நீளங்களில் உள்ள சங்கிலிகளின் கலவை. ஒரே கடையில் ஒரே பெயரில் பொன்னி அரிசி வாங்கினாலும் புது அரிசி குழைந்துபோவதும் பழைய அரிசி உதிரியாக வருவதும் போல, போன பேட்சுக்கு அமைத்த வேகமும் சூடும் இந்தப் பேட்சுக்கு ஒத்துவராது. சங்கிலி குட்டையாக இருந்தால் படலத்தில் அறுபடாத பாதை அமையாது, ஃபில் ஃபேக்டர் விழும். மிக நீளமாக இருந்தால் கரையாது, கரைசல் கூழாகும், ஃபில்டரில் பாதி நின்றுவிடும்.

அதனால் வாங்கும்போது கேட்க வேண்டியவை: எண்சராசரி மூலக்கூறு எடை, எடைசராசரி, அவற்றின் விகிதமான பரவல், பேட்ச் எண், ஜிபிசி (சங்கிலி நீளத்தை அளக்கும் முறை) எந்தக் கரைப்பானில் எந்த வெப்பநிலையில் எடுத்தார்கள். கடைசிக் கேள்விதான் பலர் கேட்காதது. இந்தப் பாலிமர்கள் அறை வெப்பத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும், அந்த நிலையில் அளந்தால் ஒரு கொத்தையே ஒரு சங்கிலி என்று கருவி கணக்குப் போட்டுவிடும். டிரைகுளோரோபென்சீனில் 140 டிகிரிக்கு மேல் வைத்து எடுத்த எண்தான் நம்பக்கூடியது. மொத்த ப்ராஜெக்ட்டுக்கும் எவ்வளவு வேண்டும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு ஒரே பேட்சில் வாங்கிவிடுங்கள். ஒரு மில்லிலிட்டர் கரைசலுக்கு 7, 8 மில்லிகிராம்தான் செலவாகும், 250 மில்லிகிராம் நீண்ட நாள் தாங்கும். பாதியில் பேட்ச் மாறினால் அதுவரை எடுத்த அளவுகளோடு புதியதை ஒப்பிட முடியாது.

நீங்களே செய்வதானால், பெரும்பாலும் ஸ்டில் கப்ளிங்தான். ஒரு மோனோமரின் இரண்டு முனையிலும் டின், இன்னொன்றின் இரண்டு முனையிலும் புரோமின், நடுவே பல்லேடியம் வினையூக்கி. சங்கிலி நீளமாக வர வேண்டுமானால் இரண்டு மோனோமரும் சரிக்குச் சரி இருக்க வேண்டும். எடை போடுவதில் கொஞ்சம் பிசகினாலும், டின் மோனோமரில் சுத்தம் குறைந்தாலும், சங்கிலி குட்டையிலேயே நின்றுவிடும். வினை முடிந்ததும் சாக்ஸ்லெட்டில் (சூடான கரைப்பானால் திரும்பத் திரும்பக் கழுவும் கருவி) மெத்தனால், அசிட்டோன், ஹெக்சேன் என்று வரிசையாகக் கழுவிக் குட்டைச் சங்கிலிகளை வெளியே தள்ளிவிட்டு, கடைசியாகக் குளோரோஃபார்மில் இறங்குவதைத்தான் எடுத்துக்கொள்வார்கள். பல்லேடியம் மிச்சம் இருந்தால் அது படலத்துக்குள் மின்னூட்டத்தைப் பிடித்துவைக்கும் குழியாகிவிடும், அதையும் பிடித்தெடுக்க வேண்டும். ட்ரைமெத்தில் டின் சேர்மங்கள் கடும் விஷம், சும்மா கையாளும் விஷயமல்ல, அனுபவமுள்ளவர் கூட இல்லாமல் தொடாதீர்கள்.

செய்முறை

ஐடிஓ (வெளிச்சம் ஊடுருவும் மின்முனைப் படலம்) பூசிய கண்ணாடியைச் சோப்புக் கரைசல், டிஅயனைஸ்டு தண்ணீர், அசிட்டோன், ஐசோப்ரொப்பனால் என்று ஒவ்வொன்றிலும் 15 நிமிஷம் அல்ட்ராசோனிக்கில் வையுங்கள், நைட்ரஜனில் உலர்த்தி, யுவி ஓசோனில் 15 நிமிஷம். இதைச் சுருக்க நினைப்பவர்கள் கடைசியில் ஷார்ட் ஆன செல்களை எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

அதன்மேல் துளைகளை எடுத்துச்செல்லும் பெடாட்:பிஎஸ்எஸ் என்ற பாலிமர் அடுக்கு, 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டி, நிமிடத்துக்கு 4000 முதல் 5000 சுற்றில் பூசி, 150 டிகிரியில் 15 நிமிஷம். 30 முதல் 40 நானோமீட்டர் வரும். இது தண்ணீரை உறிஞ்சும் பொருள். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் மழைக்காலத்தில் ஹாட் பிளேட்டிலிருந்து எடுத்து மேஜையில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போகாதீர்கள், சூடு ஆறுவதற்குள் கிளவ் பாக்ஸுக்குள் தள்ளிவிடுங்கள்.

கரைசலை முந்தைய நாளே தயாரித்துவிடுங்கள். பிஎம்6க்கும் ஒய்6க்கும் எடை விகிதம் 1க்கு 1.2, மொத்தம் மில்லிலிட்டருக்கு 16 மில்லிகிராம், கரைப்பான் குளோரோஃபார்ம். ஆக ஒரு மில்லிலிட்டருக்கு பிஎம்6 7.27, ஒய்6 8.73 மில்லிகிராம். இதோடு குளோரோநாஃப்தலீன் 0.5 சதவீதம், அதாவது 5 மைக்ரோலிட்டர். இந்தத் துளி எதற்கு என்றால், குளோரோஃபார்ம் 61 டிகிரியிலேயே கொதிப்பது, கண்மூடித் திறப்பதற்குள் காய்ந்துவிடும், மூலக்கூறுகளுக்கு ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் கிடைக்காது. அதிகக் கொதிநிலையுள்ள குளோரோநாஃப்தலீன் கொஞ்ச நேரம் தங்கி அந்த அவகாசத்தைத் தருகிறது. பழைய பாலிமர்களுக்கு டையோடோஆக்டேன் 3 சதவீதம் வரைகூடச் சேர்ப்பார்கள், ஆனால் அது படலத்திலேயே தங்கிப் பின்னால் செல்லைக் கெடுக்கும் என்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை.

மூடியை இறுக்கமாகப் போட்டு இரவு முழுக்க மெதுவாகக் கலக்குங்கள். இரவில் குளோரோஃபார்ம் கொஞ்சம் ஆவியானாலும் செறிவு ஏறிப் படலம் தடிமனாகும், காரணமே புரியாமல் குழம்புவீர்கள். கலக்கத் தொடங்கும் முன் பாட்டிலை எடை போட்டு, காலையில் மறுபடி எடை போட்டால் எவ்வளவு போனது என்று தெரிந்துவிடும். குளோரோஃபார்ம் நைட்ரைல் கையுறையைச் சீக்கிரம் ஊடுருவிவிடும், சிந்தினால் உடனே கையுறையைக் கழற்றிவிடுங்கள். புற்றுநோய் சந்தேகமுள்ள கரைப்பான் என்பதால் ஃபியூம் ஹூடுக்கோ கிளவ் பாக்ஸுக்கோ வெளியே திறக்கவே வேண்டாம்.

பூசும்போது கண்ணாடி முதலில் சுற்றட்டும், 3000 சுற்று வேகத்துக்கு வந்ததும் நடுவில் ஒரே சொட்டாக, தயங்காமல் விடுங்கள். நிற்கிற கண்ணாடியில் ஊற்றிவிட்டுச் சுற்றினால் குளோரோஃபார்ம் ஊற்றிய இடத்திலேயே வளையம் போட்டுக் காய்ந்துவிடும். 30 விநாடி சுற்றி, 110 டிகிரியில் 10 நிமிஷம் சூடாக்கவும். தடிமன் 100 முதல் 120 நானோமீட்டருக்குள் இருக்க வேண்டும். சுற்று வேகத்தைக் கட்டுரையில் உள்ளபடியே வைக்க வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள், உங்கள் பேட்சின் மூலக்கூறு எடைக்கு அந்தத் தடிமன் எந்த வேகத்தில் வருகிறதோ அதுதான் உங்கள் வேகம். 2000, 2500, 3000, 3500 என்று நான்கு கண்ணாடியில் பூசி, ஒரு ஓரத்தைக் கீறி, ப்ரொஃபைலோமீட்டரில் பார்த்து ஒரு வரைபடம் போட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து எலக்ட்ரான் பக்கத்து அடுக்கு. பிடிஐஎன்ஓ அல்லது பிடிஐஎன்என், மெத்தனாலில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம், 3000 சுற்று. இது ஒரு சில நானோமீட்டர் தடிமன்தான், ஆனால் இல்லாவிட்டால் உலோகத்துக்கும் படலத்துக்கும் ஒத்துப்போகாது. மெத்தனால் கீழே உள்ள பாலிமரைக் கரைக்காது என்பதால்தான் மேலேயே பூச முடிகிறது. கடைசியில் வெற்றிடக் கருவியில் வெள்ளி 100 நானோமீட்டர். தொடக்கத்தில் மெதுவாக ஏற்றுங்கள், வேகமாக ஏற்றினால் உலோகம் படலத்துக்குள் குத்திக்கொண்டு போகும்.

அளக்கும்போதும், எண் குறைவாக வரும்போதும்

சோலார் சிமுலேட்டரைச் சதுர சென்டிமீட்டருக்கு 100 மில்லிவாட்டாக, சான்றளித்த சிலிக்கான் ஒப்பீட்டுச் செல்லை வைத்துச் சரிசெய்யுங்கள். செல்லின் மேல் துல்லியமாக வெட்டிய முகமூடி (வெளிச்சம் விழும் பரப்பை வரையறுக்கும் தகடு) வைக்காமல் எடுத்த எண்ணை யாரும் நம்ப வேண்டியதில்லை. உண்மையில் 0.05 சதுர சென்டிமீட்டரில் வெளிச்சம் வாங்கிக்கொண்டு 0.04 என்று வகுத்தால் 25 சதவீதம் உயர்த்திக் காட்டிவிடும், 12 சதவீதச் செல் 15 ஆகிவிடும். இன்னொரு சரிபார்ப்பும் இருக்கிறது. அலைநீளம் வாரியாக எடுக்கும் ஈக்யூஈ (விழும் போட்டான்களில் எத்தனை சதவீதம் எலக்ட்ரானாக வெளியே வருகிறது என்பது) அளவைச் சூரிய நிறமாலையோடு தொகுத்தால் வரும் மின்னோட்டமும் சிமுலேட்டரில் வந்த மின்னோட்டமும் 5 சதவீதத்துக்குள் ஒத்துப்போக வேண்டும். போகாவிட்டால் சந்தோஷப்படுவதற்கு முன் விளக்கைச் சரிபாருங்கள்.

குறைவாக வந்தால் மூன்று எண்ணில் எது குறைந்தது என்று பாருங்கள். வோல்டேஜ் மட்டும் விழுந்து, மற்றவை பரவாயில்லை என்றால், பெரும்பாலும் மின்முனைப் பக்கத்து அடுக்குகளில்தான் கோளாறு, பெடாட் ஈரம் வாங்கியிருக்கும் அல்லது மெல்லிய மேலடுக்கு முழுதாகப் படிந்திருக்காது. வளைவு எஸ் எழுத்து மாதிரி நெளிந்து வந்தாலும் அங்கேயே தேடுங்கள்.

மின்னோட்டம் குறைந்தால் முதலில் தடிமன், பிறகு ஈக்யூஈ வளைவின் வடிவம். 500, 600 நானோமீட்டர் பகுதியில் பள்ளம் என்றால் பிஎம்6 தன் வேலையைச் செய்யவில்லை, 800 பக்கம் பள்ளம் என்றால் ஒய்6. எல்லா இடத்திலும் ஒரே சீராகக் குறைந்திருந்தால் பிரச்சினை உறிஞ்சுதலில் இல்லை, மின்னூட்டத்தை வெளியே எடுப்பதில்தான். எக்ஸிட்டான்கள் எல்லையைச் சேர்கின்றனவா என்று பார்க்க எளிய வழி, தனி பிஎம்6 படலத்தின் ஒளிர்வையும் கலவைப் படலத்தின் ஒளிர்வையும் ஒப்பிடுவது. கலவையில் பிஎம்6 ஒளிர்வு ஏறக்குறைய முழுக்க அணைந்திருக்க வேண்டும். மிச்சம் இருந்தால் திட்டுகள் பெரிதாகிவிட்டன, குளோரோநாஃப்தலீனைக் குறைத்தோ சூட்டின் நேரத்தைக் குறைத்தோ பாருங்கள்.

ஃபில் ஃபேக்டர்தான் இருப்பதிலேயே வஞ்சகமானது, 74 வர வேண்டிய இடத்தில் 60 வந்து நிற்கும். மூலக்கூறு எடை குறைந்த பேட்ச், தடிமனான படலம், சுத்தம் போதாத பாலிமர், எல்லாமே இங்கேதான் வந்து முகம் காட்டும். வளைவின் வோல்டேஜ் பூஜ்யமாக உள்ள பக்கம் சாய்ந்திருந்தால் கசிவு, அதாவது தூசி அல்லது ஓட்டை. ஓப்பன் சர்க்யூட் பக்கம் சாய்ந்திருந்தால் தொடர்தடை, ஐடிஓ தொடுமுனையைச் சுரண்டிச் சுத்தம் செய்தாலே சில நேரம் சரியாகிவிடும். இரண்டுமில்லாமல் பொதுவாகவே குறைவு என்றால் 100 நானோமீட்டருக்குக் கீழே மெல்லியதாக ஒன்று செய்து பாருங்கள். மெல்லியதில் ஃபில் ஃபேக்டர் ஏறினால் மின்னூட்டம் வெளியே வர நேரம் எடுக்கிறது என்று அர்த்தம், பேட்சைச் சந்தேகிக்கலாம்.

வீட்டுக்குள் வேலை செய்ய வேண்டுமானால்

கூரைக்கு அல்லாமல் சென்சார், கடிகாரம் மாதிரி உள்ளே இருக்கும் கருவிகளுக்குச் செய்வதானால் ஜோடியை மாற்றுங்கள். எல்ஈடி வெளிச்சம் 400 முதல் 700 நானோமீட்டருக்குள் முடிந்துவிடும், ஒய்6 அள்ளித்தரும் அகச்சிவப்பு அங்கே இல்லவே இல்லை, ஆனால் அதன் குறுகிய பேண்ட்கேப்பால் வோல்டேஜை மட்டும் இழப்பீர்கள். அதே பிஎம்6ஐ ஐஓ-4சிஎல் என்ற அகன்ற பேண்ட்கேப் அக்செப்டரோடு சேர்த்து 2019இல் ஜியான்ஹுய் ஹோ குழு 1000 லக்ஸ் எல்ஈடி வெளிச்சத்தில் 26 சதவீதமும் 1.1 வோல்ட்டும் எடுத்தது.

எவ்வளவு நாள் உழைக்கும்

இப்போது சிறந்த லேப் செல்கள் 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டன, ஆனால் அவை பெரும்பாலும் சில சதுர மில்லிமீட்டர், குளோரோஃபார்மில், நைட்ரஜனுக்குள் செய்தவை. உங்கள் செல்லை வெளியே எடுத்தால் ஆக்ஸிஜனும் யுவியும் சேர்ந்து முதலில் அக்செப்டரின் முனைப் பகுதியை இணைக்கும் இரட்டைப் பிணைப்பைத் தாக்கும். தலைகீழ் அமைப்பில் (எலக்ட்ரான் பக்கத்து அடுக்கு கீழே வருவது) சிங்க் ஆக்சைடு அடுக்கு வைப்பவர்கள் கவனியுங்கள், அது யுவி பட்டால் தானே வினையூக்கியாக மாறி மேலே உள்ள ஒய்6ஐ உடைக்கும். ஒரு யுவி வடிகட்டித் தாளை முன்னால் ஒட்டினாலே ஆயுளில் தெளிவான வித்தியாசம் தெரியும். ஆயுளை அளப்பதாக இருந்தால் ஐஎஸ்ஓஎஸ் என்ற ஆயுள் சோதனை நெறிமுறைகளில் எந்த வகை என்று குறிப்பிட்டு அளங்கள், "ஒரு மாதம் நன்றாக இருந்தது" என்பது இருட்டு அலமாரியிலா வெயிலிலா என்று தெரியாமல் எதற்கும் பயன்படாது.

பெரிய பரப்பில் பூசும் எண்ணம் இருந்தால் குளோரோஃபார்மை விட்டுவிட்டு ஆர்த்தோ-ஸைலீனுக்கு இப்போதே மாறிப் பாருங்கள். கரைப்பான் மாறினால் காயும் வேகம் மாறும், திட்டின் அளவு மாறும், சூடான கரைசலும் சூடான கண்ணாடியும் தேவைப்படும், ஏறக்குறைய மறுபடி முதலிலிருந்துதான். அதோடு பிளேடு கோட்டிங்கில் (தகட்டால் இழுத்துப் பூசுவது) 100 நானோமீட்டரை எல்லா இடத்திலும் சீராகப் பிடிப்பது கஷ்டம், அதனால் 300 நானோமீட்டரிலும் ஃபில் ஃபேக்டர் விழாத பாலிமரைத் தேட வேண்டியிருக்கும். அந்தத் தேடலில் ஸ்பின் கோட்டருக்கு மேலே ஒட்டிவைத்த அந்த மூன்று எண்களை எடுத்துவிட்டு, தடிமனுக்கு எதிராக ஃபில் ஃபேக்டரை வரைந்த ஒரு தாளை ஒட்டிக்கொள்ளுங்கள்.